விக்டோரியா கால நகைச்சுவை நாடகங்களில் ஏன் எப்போதும் அதே முகங்கள்?

இலக்கிய மாணவி:

இந்தப் பருவத்தில் எங்கள் முதுகலை வகுப்புக்கு விக்டோரியா கால ஆங்கில நாடகம் பாடம். ஆஸ்கார் வைல்டில் தொடங்கிக் காலத்தில் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போகிறேன். 1895இலிருந்து 1841 வரை வந்துவிட்டேன். வழியெங்கும் அதே ஆட்கள். வயதை மறைத்துக்கொண்டு சின்னப் பெண்ணை மணக்க நினைக்கும் கிழவர், எதற்கெடுத்தாலும் சீறும் தந்தை, எஜமானைவிடப் புத்திசாலியான வேலைக்காரர், துடுக்கான பணிப்பெண், ஒரு வேலையும் செய்யாத மேட்டுக்குடி இளைஞன், திருமணத்துக்கு ஏங்கும் முதிர்கன்னி, ஊர் விவகாரமெல்லாம் தலையிடும் வக்கீல். பெயரும் உடையும்தான் மாறுகின்றன.

அதே ஆண்டுகளில் நாவலில் டிக்கன்ஸும் ஜார்ஜ் எலியட்டும் எத்தனை விதமான மனிதர்களைப் படைத்தார்கள்! நாடகாசிரியர்களுக்கு மட்டும் கற்பனை வறண்டுவிட்டதா? படித்தவர்கள், நடித்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

அரங்கநேசன்:

கற்பனை வறட்சி என்று தீர்ப்பு எழுதும் முன், அந்த நாடகங்கள் யாருக்காக எழுதப்பட்டன என்று பாருங்கள். பார்வையாளருக்காக என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி, நடிகருக்காக.

அன்றைக்குப் பிரிட்டனில் ஓரளவு பெரிய ஊர் என்றால் அங்கே ஒரு நாடக அரங்கம் இருக்கும். அதற்கென்று நிரந்தரக் குழு ஒன்றும் இருக்கும். அந்தக் குழுவில் சேருகிறவரை யாரும் "நல்ல நடிகர்" என்று பொதுவாகச் சேர்ப்பதில்லை. இன்ன பார்ட்டுக்கு என்றுதான் ஒப்பந்தம். முதன்மை நாயகன், இளம் காதலன், முதல் கிழவர், முதல் கிழவி, அதிகாரம் செய்யும் கனத்த தந்தை, பாமரச் சிரிப்புக்கு லோ காமெடியன், பாடத் தெரிந்த பணிப்பெண், நல்ல உடை போட்டுக்கொண்டு நாயகனின் நண்பனாக வந்து நிற்கும் 'வாக்கிங் ஜென்டில்மேன்', எதற்கும் பயன்படும் 'யுடிலிட்டி'. தன் பார்ட்டுக்கு உரிய வேடம் இன்னொருவருக்குப் போனால் நடிகர் சும்மா விடமாட்டார். அது அவருடைய பிழைப்பு, அவருடைய உரிமை. விக், உடைகளையும் பெரும்பாலும் அவரே வைத்திருக்க வேண்டும். கிழவர் பார்ட் நடிகரின் பெட்டியில் கிழவரின் உடைகளே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே இரவில் ஒரு பெரிய நாடகம், பின்னால் ஒரு சிறு கேலிநாடகம். அடுத்த இரவு வேறு நாடகங்கள். ஒத்திகைக்கு நேரமே கிடையாது. நடிகர் கையில் முழு நாடகப் பிரதியும் இருக்காது. அவருடைய வசனமும், அதற்கு முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் சில சொற்களும் மட்டும் எழுதிய தாள்கள் இருக்கும். இத்தனைக்கும் நடுவில் நாடகம் எப்படி நடந்தது? பாத்திரத்தின் நடை, குரல், நின்று திரும்பும் விதம் எல்லாம் நடிகரின் உடம்பில் ஏற்கெனவே இருந்ததால்தான் நடந்தது.

நீங்கள் போய் நின்ற 1841ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். டயான் பூசிக்கோவின் 'லண்டன் அஷ்யூரன்ஸ்' கோவென்ட் கார்டனில் அரங்கேறியது அந்த ஆண்டு மார்ச்சில். இளைஞன் என்று தன்னை நம்பிக்கொண்டிருக்கும் சர் ஹார்கோர்ட் கோர்ட்லியாக நடித்தவர் வில்லியம் ஃபாரன். இவர் 1818இல் அதே அரங்கில் முதன்முதலாகத் தோன்றியபோதே கிழவர் வேடம்தான், ஷெரிடனின் 'த ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' நாடகத்தில் வரும் சர் பீட்டர் டீசில். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. வாழ்நாள் முழுவதும் கிழவர்களைச் செதுக்கிய ஒருவர் கையில் கிடைக்கிறார் என்று தெரிந்தால் நாடகாசிரியர் என்ன எழுதுவார்? கிழவரைத்தான் எழுதுவார். அதே நாடகத்தில் குதிரையேறி நரிவேட்டையாடும் லேடி கே ஸ்பேங்கரைத் திருமதி நிஸ்பெட் நடித்தார். அவர் வேட்டையை விவரிக்கும் அந்த நீண்ட வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு நடிகையின் மூச்சையும் சிரிப்பையும் கணக்கில் வைத்து எழுதியது என்று புரியும். தாளில் பார்த்தால் வகைமாதிரி, மேடையில் பார்த்தால் ஒரு மனிதரின் கைத்தொழில்.

வைகைக்கரை:

அரங்கநேசன் ஐயா சொல்வது மதுரைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை இல்லாமல் இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடத்துவார்கள். பார்ட்டைச் சொல்லித்தான் ஆளையே அழைப்பார்கள். திரைச்சீலை கட்டிய மேடை நம் ஊருக்கு வந்ததில் பார்சி நாடகக் கம்பெனிகளுக்குப் பங்கு உண்டு. அவர்கள் அதை எடுத்தது ஆங்கிலேயர் அரங்கிலிருந்து. ஆனால் விதூஷகனும் கட்டியங்காரனும் நமக்கு அதற்கு முன்பே இருந்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம். நம் பபூன் மேடையிலேயே வசனத்தைக் கட்டிக்கொள்வார். லண்டனில் அதற்கு இடம் இருந்ததா? அங்கே தணிக்கை உண்டே?

அரங்கநேசன்:

// லண்டனில் அதற்கு இடம் இருந்ததா? //

தணிக்கை கடுமையாகவே இருந்தது. பேச்சு நாடகம் போட லண்டனில் ஓரிரண்டு அரங்குகளுக்கு மட்டுமே இருந்த ஏகபோகத்தை 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. ஆனால் புதிய நாடகம் ஒவ்வொன்றையும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும் என்பதை அதே சட்டம் உறுதிப்படுத்தியது. அந்தத் தணிக்கை 1968 வரை நீடித்தது. இருந்தும், அனுமதி தாளில் இருந்த சொற்களுக்குத்தான். நடிகர் மேடையில் ஒட்டவைத்ததை யார் தடுக்க முடியும்? லோ காமெடியன்கள் தாராளமாக ஒட்டவைத்தார்கள்.

இதற்கு உச்சமான உதாரணம் லார்ட் டண்ட்ரியரி. டாம் டெய்லர் எழுதிய 'அவர் அமெரிக்கன் கஸின்' 1858இல் நியூயார்க்கில் லாரா கீன் அரங்கில் அரங்கேறியது. நாடகத்தின் மையம் ஏசா டிரென்சர்ட் என்ற வெள்ளந்தியான அமெரிக்கர். அவரும் ஒரு வகைமாதிரிதான், மேடை யாங்கி. அசட்டுப் பிரபு டண்ட்ரியரிக்குக் கொஞ்ச வசனமே இருந்தது. அந்தச் சின்ன வேடம் இ. ஏ. சதர்னுக்குக் கிடைத்தது. அவர் அதில் ஒரு திக்கல், ஒரு விநோதத் துள்ளல் நடை, காதோரம் நீண்டு தொங்கும் கிருதா, தம்பி சாம் எழுதிய கடிதத்தை வாசித்துக் குழம்பும் ஒரு முழுக் காட்சி என்று சேர்த்துக்கொண்டே போனார். 1861இல் லண்டன் ஹேமார்க்கெட்டுக்கு நாடகம் வந்தபோது டண்ட்ரியரிதான் நாடகமே. ஐந்நூறு இரவுகளை நெருங்கி ஓடியது. அந்தக் கிருதாவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1865 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட்ஸ் அரங்கில் லிங்கன் சுடப்பட்டபோது மேடையில் ஓடிக்கொண்டிருந்தது இந்த நாடகம்தான். ஏசா டிரென்சர்டின் வசனத்துக்கு எழுந்த சிரிப்பொலிக்கு நடுவே கொலைகாரன் சுட்டான்.

அசட்டுப் பிரபு என்ற அச்சு ஏற்கெனவே இருந்தது. அதற்குள் சதர்ன் என்னவெல்லாம் ஊற்றினார் என்பதுதான் கலை. அச்சைக் குறை சொல்லி என்ன பயன்?

மலர்விழி:

// அச்சைக் குறை சொல்லி என்ன பயன்? //

பயன் உண்டு, ஐயா. அசட்டுப் பிரபுவைப் பார்த்துச் சிரித்தால் எந்தப் பிரபுவுக்கும் நட்டமில்லை. அவருடைய நிலமும் பட்டமும் அப்படியே இருக்கும். மேடை ஐரிஷ்காரரைப் பார்த்துச் சிரித்தபோது என்ன நடந்தது? பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டும் கப்பலேறிக்கொண்டும் இருந்த ஒரு தேசத்தை, குடி, அடிதடி, உளறல் என்று மூன்று சொல்லுக்குள் அடைத்து லண்டன் பார்வையாளருக்குப் பரிமாறினார்கள். திருமணமாகாத நடுவயதுப் பெண் என்றால் ஆண் துணைக்கு அலைபவள். உழைக்கும் வர்க்கத்து ஆள் என்றால் 'ஹெச்' எழுத்தை விழுங்கிப் பேசுபவர். இவற்றையும் "கைத்தொழில்" என்று மெச்சிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

நடிகரின் பிழைப்பு என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஒருவருடைய பிழைப்புக்கு இன்னொருவருடைய மானம் விலையாக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தெற்குவாசல்:

மலர்விழி அம்மா எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் ஐரிஷ் வேடத்தின் கதையை அங்கேயே நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அதை உள்ளிருந்தே திருப்பிப் போட்டவரும் ஓர் ஐரிஷ்காரர்தான். மேலே அரங்கநேசன் குறிப்பிட்ட அதே டயான் பூசிக்கோ, டப்ளினில் பிறந்தவர்.

அவருக்கு முந்திய தலைமுறையில் ஐரிஷ் வேடத்துக்குப் பெயர்போனவர் டைரோன் பவர். 1841இல் 'பிரசிடென்ட்' என்ற கப்பலோடு அட்லாண்டிக்கில் மறைந்தார். அவர் விட்டுப்போன இடத்தைப் பூசிக்கோ வெகுகாலம் கழித்துத் தானே எழுதித் தானே நடித்து நிரப்பினார். 'த கொலீன் பான்' (1860), 'அரா-நா-போக்' (1864), 'த ஷாக்ரான்' (1874). இவற்றில் வரும் மைல்ஸும் கானும் குடிப்பார்கள், பொய் சொல்வார்கள், திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுவார்கள். பழைய வகைமாதிரியின் எல்லா அடையாளமும் உண்டு. ஆனால் கதையைத் தாங்குபவர்கள் அவர்கள். உயிரைக் காப்பாற்றுபவர்கள், அதிகாரத்தை ஏமாற்றுபவர்கள், கடைசியில் பார்வையாளரின் அன்பைப் பெறுபவர்கள் அவர்கள்தான். 'ஷாக்ரா'னில் தப்பிவந்த ஃபீனியன் (ஐரிஷ் விடுதலைப் போராளி) கைதியை ஒளித்துவைக்க உதவுவது கான். இந்த நாடகம் லண்டனில் வெற்றி பெற்ற சூட்டோடு 1876இல் பூசிக்கோ பிரதமர் டிஸ்ரேலிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார், ஐரிஷ் அரசியல் கைதிகளை விடுதலை செய்யச் சொல்லி. கோமாளி வேடம் கட்டியவர் அந்த வேடம் தந்த செல்வாக்கை வைத்துக் கேட்ட கேள்வி அது.

மலர்விழி:

பூசிக்கோவை ஏற்றுக்கொள்கிறேன். தன் மக்களைப் பற்றிய வேடத்தைத் தானே கையில் எடுத்தவர் அவர். அந்த வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. உழைப்பாளியின் வேடத்தை உழைப்பாளி எழுதவில்லை, முதிர்கன்னியின் வேடத்தை முதிர்கன்னி எழுதவில்லை.

டாம் ராபர்ட்சனின் 'காஸ்ட்' (1867) நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதார்த்த நாடகத்தின் விடிவெள்ளி என்று பாடப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. அதில் எக்கிள்ஸ் என்றொரு தந்தை. உழைப்பின் மேன்மையைப் பற்றி ஓயாமல் பேசுவார், ஒருநாளும் உழைக்க மாட்டார். மூன்றாம் அங்கத்தில் தொட்டிலில் தூங்கும் சொந்தப் பேரக்குழந்தையின் கழுத்தில் கிடக்கும் தங்கம் கோத்த பவளத்தை, பணக்காரருக்கு எதிரான தொழிலாளர் உரிமை முழக்கத்தோடு கழற்றிக்கொள்கிறார். அரங்கம் சிரித்தது. ஆண்களில் நகரத் தொழிலாளர் பலர் வாக்குரிமை பெற்ற அதே 1867ஆம் ஆண்டு அது! தொழிலாளர் அரசியல் பேசுபவர் குடிகாரர், சோம்பேறி, திருடர் என்று அந்த வேளையில் மேடையில் காட்டுவது வெறும் சிரிப்பா?

அரங்கநேசன்:

எக்கிள்ஸ் விஷயத்தில் உங்கள் கோபத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதே நாடகத்தில் சாம் ஜெரிட்ஜும் இருக்கிறார். எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளி. நேர்மையானவர், தன் தொழிலில் பெருமை உள்ளவர், சொந்தக் கடை வைக்கப் போகிறவர். எதிர்ப்பக்கத்தில் கேப்டன் ஹாட்ரீ, மேட்டுக்குடி அலட்டல் இளைஞர். முதல் அங்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள். மூன்றாம் அங்கத்தில் ஒருவரையொருவர் தவறாக எடைபோட்டதை உணர்ந்து கைகொடுக்கிறார்கள். ராபர்ட்சன் வகைமாதிரிகளைத் தூக்கி எறியவில்லை. அவர்களை ஒரே சிறிய அறையில் உட்காரவைத்து, தேநீர் கலக்கவைத்து, ரொட்டி வெட்டவைத்து, சற்று நேரம் சும்மா இருக்கவிட்டார். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் வகைமாதிரி மனிதராகிறது. 'காஸ்ட்' படிக்கும்போது வசனத்தைவிட அடைப்புக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளைக் கவனியுங்கள், மாணவியே. யார் எந்தக் கோப்பையை எங்கே வைக்கிறார் என்பதுவரை எழுதியிருப்பார்.

இந்த நாடகம் நடந்த அரங்கின் கதையும் நம் பேச்சுக்கு உரியது. மேரி வில்டன் என்ற நடிகை பர்லெஸ்க் எனும் கேலிப் பாட்டு நாடகங்களில் பையன் வேடத்துக்கும் மன்மதன் வேடத்துக்கும் பெயர்பெற்றவர். நகைச்சுவை நாடகத்தில் பெண்ணாக நடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எந்த மேலாளரும் கொடுக்கவில்லை. பார்ட் என்பது பிழைப்பு என்றேன், அது சிறையும்கூட. அவர் உறவினரிடம் ஆயிரம் பவுன் கடன் வாங்கி, 'குப்பைக் குழி' என்று பேர்பெற்றிருந்த ஒரு பாழடைந்த அரங்கை எடுத்துத் துடைத்து, 1865இல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' அரங்கமாக நடத்தத் தொடங்கினார். 'காஸ்ட்' நாடகத்தில் பாலி எக்கிள்ஸாக நடித்தார். ஒரு நடிகை தன் பார்ட்டிலிருந்து வெளியேற ஓர் அரங்கத்தையே எடுத்து நடத்த வேண்டியிருந்தது.

வைகைக்கரை:

அந்த நிரந்தரக் குழுக்கள் எப்போது மறைந்தன?

தெற்குவாசல்:

ரயிலும் நீண்ட ஓட்டமும் சேர்ந்து அவற்றை முடித்தன. 1867லேயே 'காஸ்ட்' ஒன்றை மட்டும் ஏந்திக்கொண்டு ஒரு குழு வெளியூர்களுக்குப் புறப்பட்டது. லண்டன் வெற்றி நாடகமே காட்சியமைப்போடு ரயிலில் வந்து இறங்கும்போது உள்ளூர்க் குழுவை யார் பார்ப்பார்கள்? லண்டனிலோ ஒரே நாடகம் வருடக்கணக்கில் ஓடத் தொடங்கியது. ஹெச். ஜே. பைரனின் 'அவர் பாய்ஸ்' 1875 முதல் 1879 வரை 1,362 முறை நடந்தது. அதில் வரும் ஓய்வுபெற்ற வெண்ணெய் வியாபாரி பெர்க்கின் மிடில்விக் புதுப்பணக்காரர் என்ற வகைமாதிரியின் சிகரம். நான்கு ஆண்டுகள் ஒரே வேடம் என்றால் பத்து நாடகத்துக்கும் பொருந்தும் பார்ட் நடிகர் எதற்கு?

இந்த மாற்றத்தைப் பற்றி ஆர்தர் பினேரோ எழுதிய நாடகமே உண்டு: 'டிரலானி ஆஃப் த வெல்ஸ்' (1898). கதை நடப்பது 1860களில். அதில் புதுவகை நாடகம் எழுதத் துடிக்கும் டாம் ரென்ச், ராபர்ட்சனை நினைத்து வார்த்த பாத்திரம். அவர் நாடகம் அரங்கேறும்போது பழைய குழுவின் பெரிய நடிகர் டெல்ஃபருக்குச் சில வரி வேடம் மிஞ்சுகிறது. அரசிகளாக நடித்த அவர் மனைவிக்கு உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பினேரோவே எடின்பரோவில் நிரந்தரக் குழு ஒன்றில் யுடிலிட்டி நடிகராகத் தொடங்கியவர். அதனால்தான் புதிய நாடகத்தின் வெற்றியைச் சொல்லும்போதும் பழையவர்களின் வலியை அவர் மறைக்கவில்லை. இந்த இழையைப் படிக்கும் எல்லாரும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இலக்கிய மாணவி:

எல்லாருக்கும் நன்றி. இப்போது வைல்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 'த இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' முழுக்க நீங்கள் சொன்ன பார்ட்கள்தான். லேடி பிராக்னெல் அதிகாரம் செய்யும் கனத்த தந்தையின் பாவாடை கட்டிய வடிவம். மாப்பிள்ளையிடம் சொத்துக் கணக்குக் கேட்பதுகூட தந்தையின் வேலை. லேன் எஜமானைவிடப் புத்திசாலியான வேலைக்காரர். மிஸ் பிரிசம் முதிர்கன்னி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஜான் மேடிசன் மார்ட்டனின் 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' (1847) நாடகத்தில், இரவில் வேலை செய்யும் அச்சுத் தொழிலாளிக்கும் பகலில் வேலை செய்யும் தொப்பித் தொழிலாளிக்கும் ஒரே அறையை வாடகைக்கு விடுகிறார் வீட்டுக்காரி. கடைசியில் ஒருவர் மற்றவரிடம், இடது கையில் ஸ்ட்ராபெரி மச்சம் உண்டா என்று கேட்கிறார். இல்லை என்று பதில் வந்ததும், அப்படியானால் நீதான் தொலைந்துபோன என் தம்பி என்று கட்டிக்கொள்கிறார்! மச்சத்தை வைத்து உறவு கண்டுபிடிக்கும் பழைய உத்தியை 1847லேயே தலைகீழாக்கிவிட்டார்கள். வைல்டு 1895இல் மச்சத்துக்குப் பதிலாக விக்டோரியா ரயில் நிலையத்தில் விட்டுவந்த கைப்பையை வைத்தார். அப்படியென்றால் வைல்டின் புதுமை எங்கே இருக்கிறது?

அரங்கநேசன்:

அழகாகப் பிடித்தீர்கள். நடுவில் டபிள்யூ. எஸ். கில்பர்ட்டை வைத்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். அவருடைய 'எங்கேஜ்டு' (1877) நாடகம் ஸ்காட்லாந்துக் குடிசையில் தொடங்குகிறது. கள்ளங்கபடமற்ற கிராமத்து இளைஞன், பாசமான தாய், கண்ணீர் மல்கும் காதலி. அந்த இளைஞனின் வருமானம் என்ன தெரியுமா? தண்டவாளத்தைப் பெயர்த்து ரயிலைக் கவிழ்ப்பது. தவிக்கும் பயணிகளுக்கு உணவும் தங்க இடமும் விற்பது. அதை அவன் மிகுந்த நேர்மையோடு சொல்கிறான். முழு நாடகத்தையும் துளியும் சிரிப்புக்காட்டாமல் மனப்பூர்வமாக நடிக்க வேண்டும் என்று கில்பர்ட் நடிகர்களுக்குக் குறிப்பே எழுதிவைத்தார்.

லோ காமெடியன், நான் உங்களைச் சிரிக்கவைக்கிறேன் என்று பார்வையாளரைப் பார்த்துக் கண்சிமிட்டுவார். கில்பர்ட் அந்தக் கண்சிமிட்டலைத் தடைசெய்தார். நடிகர் சொந்த வசனம் ஒட்டவைப்பதையும் தடைசெய்தார். வகைமாதிரி நடிகரின் உடம்பிலிருந்து ஆசிரியரின் வாக்கியத்துக்கு இடம்பெயர்ந்தது அங்கேதான். வைல்டு அந்த வாக்கியத்தை இன்னும் மெருகேற்றினார். லேடி பிராக்னெலை யார் நடித்தாலும் அந்த வசனம் வேலை செய்யும். டண்ட்ரியரி சதர்னோடு போய்விட்டார்.

மலர்விழி:

கில்பர்ட்டின் பெயர் வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். நிரந்தரக் குழு மறைந்தது என்கிறீர்கள். கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சல்லிவனும் தயாரிப்பாளர் டாய்லி கார்ட்டுக்காக எழுதிய இசைநாடகங்களின் குழு வேறென்ன? வேகமாகப் பாடும் நகைச்சுவை வேடத்துக்கு ஜார்ஜ் கிராஸ்மித், துடுக்கான இளம்பெண்ணுக்கு ஜெஸ்ஸி பாண்ட், தாழ்ந்த குரல் முதிய பெண்ணுக்கு ரோசினா பிராண்டிரம். அதே பார்ட் முறை, புதிய கட்டடத்தில்.

அந்த முதிய பெண் வேடத்தை வரிசையாகப் பாருங்கள். 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தில் ரூத், வயது நாற்பத்தேழு, இருபத்தொரு வயது இளைஞனால் அவள் முகத்துக்காக நிராகரிக்கப்படுகிறாள். 'பேஷன்ஸ்' நாடகத்தில் ஜேன் தன் அழகு கரைவதைத் தானே பாடுகிறாள். 'மிகாடோ'வில் கட்டிஷா. கில்பர்ட் மற்ற எல்லா அச்சுகளையும் கவிழ்த்துப் பார்த்தவர். மாலுமியை, நீதிபதியை, கடற்கொள்ளையரை, பிரபுவை எல்லாம். இந்த ஒன்றை மட்டும் அவர் கவிழ்க்கவில்லை. சிரிப்பை அவள் வயதின் மேலேயே விட்டார். ஆனால் சல்லிவன் விடவில்லை. 'மிகாடோ'வின் இரண்டாம் அங்கத்தில் கட்டிஷா தனியாக நின்று பாடும் பாட்டைக் கேளுங்கள். இசையில் கேலி ஒரு துளியும் இல்லை. பாத்திரத்தை எழுதியவர் அவளுக்குக் கொடுக்காத மரியாதையை இசை கொடுக்கிறது.

மாணவிக்கு ஆய்வேட்டுத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் இதை எடுத்துக்கொள்ளலாம். முதல் கிழவி பார்ட்டிலிருந்து கட்டிஷா வரை. கிழவர் பார்ட் நடிகர் ஃபாரனைப் பற்றி இந்த இழையிலேயே இவ்வளவு பேசினோம். கிழவி பார்ட் நடிகை ஒருவரின் பெயரைக்கூட நான் சொல்லும்வரை யாரும் சொல்லவில்லை.

இலக்கிய மாணவி:

எடுத்துக்கொள்கிறேன், அக்கா. 'மிகாடோ'வின் பாடல்வரிகளும் 'லண்டன் அஷ்யூரன்ஸ்' பிரதியும் கையில் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் முதல் கிழவி பார்ட்டில் நடித்தவர்களின் நினைவுக்குறிப்புகள் யாரிடமாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். லேடி பிராக்னெலை முதலில் நடித்த ரோஸ் லெக்லர்க்கிலிருந்து தேடத் தொடங்குகிறேன்.